திரையில் மாளும் மருத்துவர், ஊரில் வாழும் மருத்துவர்

மருத்துவரைத் தலைவராகக் கொண்ட காதற்கதைக்குத் தமிழ்த் திரையுலகில் என்றுமே தனி மதிப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டில் பீம்சிங் இயக்கத்தில் வந்த ‘பாலும் பழமும்’ படத்தையும், 1962-ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கத்தில் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தையும் பார்த்துக் கண் கலங்காதவர் நம் பாட்டிமார் தலைமுறையில் மிகச் சிலரே இருப்பர். இன்றும் அப்படங்கள் தொலைக்காட்சியில் வந்தால் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு அமர்கிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. நம் வகுப்புத் தோழியரோ கைப்பேசியில் கொரிய நாட்டுத் தொடர்களைப் பார்க்கிறார்கள். அங்கும் வெள்ளை மேலங்கி அணிந்த மருத்துவர், போர்க்களம், நிலநடுக்கம், இடையிடையே காதல். காலம் மாறினாலும் கதை மாறவில்லை.

திரைப்படத்தைப் பற்றி எழுதக் கல்லூரி ஆண்டு மலர்தானா இடம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வரலாறு பயிலும் மாணவி என்ற முறையில் அவர்களுக்கு என் பணிவான விடை இதுதான்: நாம் படிக்கும் பாடநூல்கள் தேர்வு வரை நம்மோடு வருகின்றன; நாம் பார்க்கும் படங்களோ வாழ்நாள் முழுதும் வருகின்றன. தொண்டு என்றால் என்ன, காதல் என்றால் என்ன என்பதை நம்மில் பலருக்குக் கற்பித்தவை படங்களே. கற்பித்தவர் தவறாகக் கற்பித்திருந்தால் அதை எடுத்துச் சொல்ல வேண்டாமா?

தொண்டு செய்யும் மருத்துவரைப் பற்றிய காதற்படங்கள் நமக்கு ஒரு தவறான கணக்கைக் கற்பித்திருக்கின்றன என்பது என் கருத்து. தொண்டு செய்தால் உயிரை விட வேண்டும். காதலித்தால் காதலைத் துறக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே ஓர் இல்லத்தில் வாழ முடியாது. இதுவே அந்தக் கணக்கு. இது பொய்க்கணக்கு என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்தில் ஏறிக் காந்திகிராமத்தில் இறங்கினாலே போதும். ஆனால் அங்கே போகுமுன் படங்களைச் சற்று ஆராய்வோம்.

படங்கள் காட்டும் கணக்கு

‘பாலும் பழமும்’ படத்தில் புற்றுநோய்க்கு மருந்து காண முயலும் மருத்துவராகச் சிவாஜி கணேசன் வருகிறார். அவருக்குத் துணை நிற்கும் செவிலியராகவும் மனைவியாகவும் சரோஜாதேவி. மனைவிக்குக் காசநோய் கண்டதும் அவள் என்ன செய்கிறாள்? கணவனின் ஆராய்ச்சிக்குத் தன் நோய் இடையூறாகிவிடும் என்று எண்ணி வீட்டை விட்டே போய்விடுகிறாள். நோயாளிகளைக் காக்கும் வீட்டில் நோயுற்ற மனைவிக்கு இடமில்லை! ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் மருத்துவர் முரளி, தான் முன்பு காதலித்தவளின் கணவனுக்கே அறுவை மருத்துவம் செய்து உயிர் கொடுக்கிறார். கொடுத்தவுடன் தம் உயிரை விட்டுவிடுகிறார். ஒரே மருத்துவமனை அரங்கில், ஏறத்தாழ ஒரு மாத காலத்திற்குள் எடுத்து முடிக்கப்பட்ட அப்படத்தின் நேர்த்தியை நான் குறைத்துப் பேசவில்லை. முத்துராமனின் பெருந்தன்மையும் தேவிகாவின் தவிப்பும் மறக்கக்கூடியவை அல்ல. எனினும் முரளி ஏன் சாக வேண்டும்? மறுநாள் காலையில் அவர் எழுந்து அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருந்தால் அது தியாகம் ஆகாதா? அவ்வாறு போயிருந்தால் அதுவே பெரிய தியாகம் என்பேன்.

மேலைநாட்டார் மட்டும் விதிவிலக்கல்லர். 2003-இல் வந்த ‘பியாண்ட் பார்டர்ஸ்’ என்ற ஆங்கிலப் படம் எத்தியோப்பியா, கம்போடியா, செச்சன்யா என மூன்று துயர நிலங்களில் நடக்கிறது. நிவாரண முகாம் மருத்துவராகக் கிளைவ் ஓவன். அவர்பால் ஈர்க்கப்பட்டு இலண்டன் வாழ்க்கையை விட்டு வரும் பெண்ணாக ஏஞ்சலினா ஜோலி. முடிவில் அப்பெண் கண்ணிவெடியில் மாண்டு போகிறாள். 2016-இல் வந்த ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ என்ற கொரியத் தொடரில் மருத்துவக் குழு போவதோ உரூக் என்ற நாட்டிற்கு. அப்படி ஒரு நாடு உலகப் படத்தில் இல்லை. காதலர் இருவருக்காகக் கற்பனை செய்யப்பட்டது.

இப்படங்களில் எல்லாம் நான் காணும் குறை ஒன்றே. துன்புறும் மக்கள் பின்புலச் சீலையாகத் தொங்குகிறார்கள். பஞ்சத்தில் வாடும் குழந்தைக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அடுத்த காட்சியில் அது பிழைத்ததா என்ற செய்தியும் இல்லை. காதலர் கண் கலங்குவதற்கு அது ஒரு காரணம், அவ்வளவே. முகாம் கலைந்த பின் அந்த ஊரில் யார் தங்கினார் என்று எந்தப் படமும் கேட்பதில்லை.

சோலாப்பூர் மருத்துவரும் சீனத்துச் செவிலியரும்

கற்பனைக் கதைகளை விட்டு உண்மைக் கதைக்கு வருவோம். தொண்டு செய்யும் மருத்துவரின் காதலைச் சொன்ன இந்தியப் படங்களில் தலையாயது 1946-ஆம் ஆண்டில் வி. சாந்தாராம் எடுத்த ‘டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி’ என்ற இந்திப் படம். குவாஜா அகமது அப்பாஸ் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டது. கோட்னிஸ் வேடத்தைச் சாந்தாராமே ஏற்றார்; சீனத்துக் காதலியாக அவர் மனைவி ஜெயஸ்ரீ நடித்தார்.

யார் இந்தக் கோட்னிஸ்? 1910-இல் சோலாப்பூரில் பிறந்து பம்பாயில் மருத்துவம் பயின்றவர் துவாரகாநாத் கோட்னிஸ். 1937-இல் ஜப்பான் சீனத்தின்மேல் படையெடுத்தபோது, மருத்துவ உதவி வேண்டும் என்று சீனப் படைத்தலைவர் சூ தே நேருவுக்கு எழுதினார். சுபாஷ் சந்திர போஸ் காங்கிரசுத் தலைவராக இருந்த 1938-இல் அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி என்னும் ஐந்து மருத்துவர் கொண்ட குழு கப்பலேறியது. தாமே அடிமைப்பட்டிருந்த நாடு, துயருற்ற இன்னொரு நாட்டிற்கு மருத்துவரை அனுப்பியது. இதைவிடப் பெருமிதம் தரும் செய்தி நம் விடுதலை வரலாற்றில் அதிகம் இல்லை.

சீனம் போய்ச் சேர்ந்த பின் கோட்னிசுக்குத் தந்தை இறந்த செய்தி கிடைத்தது. அவர் திரும்பவில்லை. போர்முனையில் தொடர்ந்து 72 மணி நேரம் உறங்காமல் அறுவை செய்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1941-இல் பெத்யூன் பெயரால் அமைந்த பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் தலைவரானார். பெத்யூன் யாரெனில் கனடா நாட்டு மருத்துவர். சீனப் போர்முனையில் அறுவையின்போது விரலில் பட்ட காயம் நஞ்சாகி 1939-இல் இறந்தவர். அந்தப் பெத்யூனின் கல்லறை திறப்பு நிகழ்ச்சியில்தான் செவிலியர் பள்ளி ஆசிரியை குவோ சிங்லான், கோட்னிஸை முதன்முதலாகக் கண்டார். சீன மொழி பேசவும் எழுதவும் கற்றுக்கொண்ட அந்த இந்தியரிடம் அவர் உள்ளம் சென்றது. 1941 டிசம்பரில் திருமணம். 1942 ஆகஸ்டில் ஆண் மகவு பிறந்தது. இந்தியாவைக் குறிக்கும் ‘யின்’, சீனத்தைக் குறிக்கும் ‘ஹுவா’ என்ற இரண்டையும் சேர்த்து யின்ஹுவா என்று பெயரிட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் கோட்னிஸ் மறைந்தார். வயது 32.

அவர் எதனால் இறந்தார்? படத்தில் அவர் கொள்ளைநோயை எதிர்த்துப் போராடி, அதற்கே பலியாகிறார். உண்மையில் அவர் உயிரைக் கொண்டு போனது வலிப்பு நோய். அடிக்கடி வலிப்பு வந்தும், ஓய்வெடுங்கள் என்று பிறர் சொல்லியும் கேளாமல் பணி செய்தவர் அவர். படம் எடுத்தோருக்கு வலிப்பு போதவில்லை, கொள்ளைநோய் தேவைப்பட்டது. வலிப்போடு அன்றாடம் எழுந்து அறுவைக் கத்தியைப் பிடித்த மனிதரைவிட, ஒரே நாளில் பெருநோயோடு மல்லுக்கட்டி வீழ்ந்த வீரர் திரைக்கு ஏற்றவராகத் தோன்றினார். என் வாதம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

குவோ சிங்லான் அம்மையாரின் கதி என்ன? 26 வயதை ஒட்டிக் கணவரை இழந்த அவர் அதன்பின் எழுபது ஆண்டு வாழ்ந்தார். மருத்துவம் பயின்று வந்த ஒரே மகன் யின்ஹுவாவை 1967-இல் பறிகொடுத்தார். இந்தியாவுக்குப் பன்முறை வந்து கோட்னிஸின் குடும்பத்தாரைக் கண்டார். 2012-இல், 96-ஆம் வயதில் மறைந்தார். 1962-இல் இரு நாடுகளும் போரிட்டபோதும் அவர் இரு நாட்டிற்கும் உறவினராகவே இருந்தார். கோட்னிஸ் வாழ்ந்த மணவாழ்வு ஓராண்டு. அம்மையார் காத்த மணவாழ்வு எழுபது ஆண்டு. இதில் எது அமர காதை?

நான்காவது கூறு

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயாளி ஒன்று, தீர்க்கும் மருத்துவர் இரண்டு, மருந்து மூன்று, அருகிருந்து பணிசெய்பவர் நான்கு. உழைச்செல்வான் என்று அவர் பெயரிட்ட அந்த நான்காமவரை ஏனைய மூன்றோடு சமமாக நிறுத்தியது வள்ளுவரின் நுண்மை. நம் படங்களோ முதல் கூறைப் பின்புலமாக்கின. மூன்றாம் கூறை ஊசி காட்டும் ஒரு காட்சியாக்கின. நான்காம் கூறைக் காதலியாக்கின. எஞ்சியிருப்பவர் மருத்துவர் ஒருவரே.

என் அத்தை நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். இத்தகைய படம் ஒன்றை வீட்டில் எல்லோரும் உருகி உருகிப் பார்த்துக் கொண்டிருந்தபோது அவர் மட்டும் சிரித்தார். “ஏன்டி, அந்தப் பிள்ளைக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிறதத் தவிர வேற சோலியே இல்லையா? ராத்திரி பூரா நாடி பாத்தது யாரு, டாக்டரா?” என்று கேட்டார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். பிரசவ வலி கண்ட பெண்ணை இரவில் எந்த வண்டியில் ஏற்றுவது, தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தர மறுக்கும் மாமியாரிடம் எப்படிப் பேசுவது, மாத்திரையை வாங்கிக் கொண்டு முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளும் கர்ப்பிணியை எப்படி விழுங்க வைப்பது — அவர் செய்த தொண்டு இவைதாம். இவற்றில் ஒன்றையேனும் நான் எந்த மருத்துவப் படத்திலும் கண்டதில்லை.

நம் சமவெளியில் நடந்த காதற்கதை

இனி நம் ஊருக்கு வருவோம். சிறுமலையின் அடிவாரத்தில், அம்பாத்துரை இரயில் நிலையத்தை அடுத்து, சின்னாளபட்டிக்கு எதிரே இருக்கிறது காந்திகிராமம். சின்னாளபட்டியில் எங்கள் தெருவில் ‘ஆஸ்பத்திரி’ என்று மொட்டையாகச் சொன்னால் அது கஸ்தூரிபா மருத்துவமனையையே குறிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே பிறந்தவர்கள், நானும் அவ்வாறே. ஆனால் அம்மருத்துவமனையை உண்டாக்கியவரின் வாழ்க்கையே ஒரு பெரும் காதற்காவியம் என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக, செல்வக் குடும்பத்தில் 1904-இல் பிறந்தவர் சௌந்தரம் அம்மையார். அக்கால வழக்கப்படிச் சிறு வயதிலேயே திருமணம். கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். மனைவியைப் படிக்கத் தூண்டிய கணவர் அவர். கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து, அந்நோயாலேயே இளம் வயதில் மாண்டார். சாந்தாராம் கற்பனையில் கோட்னிசுக்குக் கொடுத்த சாவு, நம் அம்மையாரின் கணவருக்கு உண்மையிலேயே நேர்ந்தது. திரைப்படமாயின் இங்கே திரை விழுந்திருக்கும். வெள்ளைப் புடவை, ஒரு சோகப் பாட்டு, வணக்கம்.

ஆனால் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. விதவையாக மூலையில் முடங்கிவிடாதே, மேலே படி, மறுமணமும் செய்துகொள் என்று கணவர் சொல்லிச் சென்றதாகக் கூறுவர். அம்மையார் தில்லி சென்று லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-இல் மருத்துவராக வெளிவந்தார். அங்கே சுசீலா நய்யாரின் நட்பும் அவர் வழியாகக் காந்தியடிகளின் தொடர்பும் கிட்டின. அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்த ஜி. இராமச்சந்திரன் என்ற கேரள இளைஞரைச் சந்தித்தார். சாந்திநிகேதனில் தாகூரிடம் பயின்றவர் அவர். இருவர் உள்ளமும் ஒன்றுபட்டன.

சாதி வேறு, மொழி வேறு. அதன்மேல் விதவை மறுமணம். வீட்டார் இசைவார்களா? செய்தி காந்தியடிகளிடம் போயிற்று. ஓராண்டுக் காலம் ஒருவரை ஒருவர் காணாமலும் கடிதம் எழுதாமலும் இருங்கள். அதன் பின்னும் உள்ளம் மாறாதிருந்தால் மணந்து கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாக வரலாறு. ஓராண்டு கழிந்தது, உள்ளம் மாறவில்லை. 1940-இல் காந்தியடிகளின் வாழ்த்தோடு திருமணம் நடந்தது. தியாகம், பிரிவு, சோதனை, கூடல் — எந்தத் திரைக்கதை ஆசிரியர் இதைவிட நல்ல கதையை எழுதிவிட முடியும்?

கூடலுக்குப் பின் நடந்ததுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. கஸ்தூரிபா நினைவு நிதியின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றிய அம்மையார், கணவரோடு சேர்ந்து 1947-இல் காந்திகிராமத்தை நிறுவினார். சின்னாளபட்டியில் சிறு மருந்தகமாகத் தொடங்கிய மருத்துவப் பணியே இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் தோன்றியது; 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952-இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும் 1957-இல் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் சட்டமன்றம் சென்றார். 1962-இல் திண்டுக்கல் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். அதே ஆண்டு பத்மபூஷண் பெற்றார். 1984-இல், அக்டோபர் 21-ஆம் நாளில் மறைந்தார்.

கணவரும் மனைவியும் கருத்து வேறுபாடே இல்லாமல் வாழ்ந்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தேவையுமில்லை. அவர்கள் காதல், தொண்டின் பொருட்டுப் பலியிடப்படவில்லை. தொண்டும் காதலின் பொருட்டுக் கைவிடப்படவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு உரமாயிற்று. படங்கள் நடக்காது என்று சொன்னது நம் வாசலில் நடந்திருக்கிறது.

அந்த விளக்கில் ஏற்றிய விளக்கு

இது ஒரே ஒரு தம்பதியின் கதையென்று தள்ளிவிட வேண்டாம். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் உடன் பயின்று இல்வாழ்க்கையில் இணைந்த ரெஜி, லலிதா என்ற மருத்துவர் இருவர் காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றினார்கள். எளிதில் தடுக்கக்கூடிய நோய்களுக்காக மக்கள் நெடுந்தொலைவு நடந்து வருவதைக் கண்டு மனம் வருந்தினார்கள். நோயாளி நம்மைத் தேடி வருவதற்குப் பதில் நாம் போனால் என்ன என்று எண்ணி, 1993-இல் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கி பள்ளத்தாக்குக்குச் சென்றார்கள். பழங்குடி மக்கள் கட்டிக் கொடுத்த குடிசையே அவர்களின் மருத்துவமனை. அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னே இறந்தன. அந்த எண் பின்னர் இருபதின் அளவுக்கு இறங்கியது.

எப்படி இறங்கியது? இருவர் மட்டும் செய்துவிடவில்லை. அதிகம் படித்திராத பழங்குடிப் பெண்களைச் சேர்த்து, பிரசவம் பார்க்கவும் குழந்தையின் எடை பார்க்கவும் காயம் கட்டவும் பயிற்சி கொடுத்தார்கள். அப்பெண்களே ஊர் ஊராகப் போனார்கள். வள்ளுவரின் நான்காவது கூறு அங்கே முதற்கூறாயிற்று. தலைவி தலைவனுக்காக உயிர் விடவில்லை. இருவரும் அதே பள்ளத்தாக்கில் மூப்படைந்து வருகிறார்கள். இதைவிட இனிய காதற்காட்சி உண்டா?

நம் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1955-இல் மருத்துவர் ஏ.கே. தரியன் கேரளத்திலிருந்து வந்து உழைத்து உருவாக்கிய கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனை அது. காந்தியின் பெயராலும் கிறிஸ்துவின் பெயராலும் வந்தவர்கள் ஒரே மாவட்டத்துப் புழுதியில் ஒரே பணியைச் செய்திருக்கிறார்கள். வந்தார்கள், தங்கினார்கள் என்பதே அவர்கள் எல்லோருக்கும் பொதுவான வரலாறு.

மறுப்பும் விடையும்

என்னோடு வாதிட்ட தோழியர் சிலர் இவ்வாறு கேட்டனர்: “எடை பார்ப்பதையும் மாத்திரை கொடுப்பதையும் மூன்று மணி நேரம் யார் பார்ப்பார்? சாவும் பிரிவும் இல்லாவிட்டால் சுவை ஏது? சாந்தாராம் படம் எடுக்காதிருந்தால் கோட்னிஸை நீ அறிந்திருப்பாயா?” இக்கேள்விகளில் நியாயம் இருக்கிறது. விடுதலைக்கு முந்தைய ஆண்டில், தன்மீதே நம்பிக்கை வேண்டியிருந்த நாட்டிற்கு அப்படம் பெருமிதம் ஊட்டியது. அந்த நன்றியை மறுக்க மாட்டேன். அவலச்சுவை நம் மரபுக்கு அயலானதும் அன்று. இளங்கோவடிகள் கண்ணகியின் துயரைப் பாடவில்லையா?

ஆனால் கோவலன் மாண்டதோடு சிலம்பு முடியவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சி நின்றவள் எழுந்து என்ன செய்தாள் என்பதே காப்பியமாயிற்று. அதைத்தான் நானும் கேட்கிறேன். சுவை வேண்டுமானால், ஓராண்டு ஒரு கடிதமும் இல்லாமல் காத்திருந்த காதலர்களிடம் சுவை இல்லையா? கொடைக்கானல் மலையில் வெள்ளகவி போன்ற சிற்றூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோமே, அந்த மலைப்பாதையில் திடுக்கிட வைக்கும் காட்சி இல்லையா? இருக்கிறது. எடுக்கும் கண்தான் வேண்டும்.

இதில் இன்னொரு தீமையும் உண்டு. தொண்டு என்பது சாவதற்குத் துணிந்த மாமனிதர் செய்வது என்று படம் சொல்லும்போது, சாதாரண மனிதராகிய நமக்கு அதில் பங்கில்லை என்று ஆகிவிடுகிறது. நாம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். ‘தியாகி’ என்று ஒருவரைக் கோயிலில் ஏற்றிவிட்டால் அவரைப் பின்பற்ற வேண்டிய கடமை நமக்கு இல்லை அல்லவா? மலைக்கும் கிராமத்திற்கும் மருத்துவர் போவதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். போனால் காதலும் குடும்பமும் இன்பமும் முடிந்துவிடும் என்று நாம்தாமே திரைதோறும் கைதட்டிச் சொல்லி வந்திருக்கிறோம்! 2022-இல் நம் திண்டுக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அங்கே பயிலும் இளைஞரும் நாம் பார்க்கும் படங்களைத்தான் பார்க்கிறார்கள். கிராமத்தில் தங்கியும் மகிழ்ச்சியாக வாழலாம் என்பதை அவர்களுக்கு யார் காட்டுவது?

நாம் செய்யத்தக்கது

கலைக் கல்லூரியில் படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். சிட்டிலிங்கியில் பயிற்சி பெற்ற பெண்கள் மருத்துவக் கல்லூரியை மிதித்தவர்கள் அல்லர். நம்மில் பலர் நாளை ஆசிரியராக, அங்கன்வாடிப் பணியாளராக, ஊராட்சி உறுப்பினராக, தாயாக வருவோம். நான்காவது கூறு நாமே.

அத்தோடு வரலாற்று மாணவியாக ஒரு வேண்டுகோளையும் பேராசிரியப் பெருமக்கள் முன் வைக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சிற்றூருக்குச் செல்கிறோம், மரக்கன்று நடுகிறோம், கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம். அடுத்த முகாமை ஆத்தூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் வைத்துக்கொண்டு, சௌந்தரம் அம்மையாரைக் கண்ணால் கண்டவர்களிடம், அவர் கையால் மருந்து வாங்கியவர்களிடம், அவரோடு பணியாற்றிய செவிலியரிடம் கேட்டு எழுதிக் கொள்வோம். கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை. அம்மையார் மறைந்து நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. அன்று இளம் தாயராக இருந்தவர்கள் இன்று தள்ளாத முதியோர். படம் எடுக்க வருவோர் பத்தாண்டு கழித்தும் வரலாம். கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்கள் என்பதற்கு உறுதி ஏது? ஆகவே அந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம்.